மனை விலையும் ஆவணச் செலவும்

மனை என்னும் சொல் தமிழில் வெறும் நிலத்தையும் குறிக்கும். அந்நிலத்தின்மேல் எழுந்த இல்லத்தையும் குறிக்கும். அவ்வில்லத்தை ஆளும் இல்லாளையும் குறிக்கும். மூன்றையும் ஒரு சொல்லால் வழங்கிய நம் முன்னோர், ஒருவன் வாழ்க்கைக்கு நிலைக்களமாவது யாதென்பதை அச்சொல்லாலேயே அறிவித்தனர் போலும். இத்தகைய மனையொன்றை விலைக்குக் கொள்ளுங்கால், விற்பவனுக்குக் கொடுக்கும் விலை ஒன்றே செலவென்று எண்ணுவார் பலர். அவ்விலையின் பின்னே சட்டத்தின்வழி வரும் வேறு செலவுகளும் உண்டு. அவை இன்னின்னவை, யாருக்குச் செல்வன, எதன்பொருட்டுச் செல்வன, அவற்றுள் எதனைச் சுருக்கலாம், எதனைச் சுருக்கலாகாது என்பவற்றைத் தமிழ்நாட்டு வழக்கை வைத்து ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கல்லூரியிற் பயிலும் நமக்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கு என்று நண்பர் சிலர் நகைத்தல் கூடும். நம்மிற் பெரும்பாலோர் இன்னும் ஒரு சாண் நிலத்துக்கும் உரிமையாளர் அல்லேம் என்பது மெய்யே. ஆயினும், தந்தையார் ஓய்வுபெறும் ஆண்டில் வருங்கால வைப்புநிதியை எடுத்து வீடு வாங்குதலும், பாட்டனார் மறைந்தபின் பூர்வீக வீட்டை விற்றுப் பங்கிடுதலும் நம் குடும்பங்களில் அடிக்கடி நிகழ்வன. அவ்வேளையில் பத்திரத்தைப் படித்துப் பொருள் சொல்லுமாறு பெரியோர் அழைப்பது வீட்டிலுள்ள கல்லூரி மாணவரையே. ஒரு குடும்பம் தன் வாழ்நாளிற் செய்யும் மிகப் பெரிய செலவு இதுவாதலின், இதனை அறிந்திருத்தல் கற்றோர்க்குக் கடன் என்று துணிந்தே யாம் இதனை எழுதப் புகுந்தேம்.

ஆவணம் எழுதி நிலம் விற்றல் நம் நாட்டிற்குப் புதிதன்று. சோழர் காலத்துக் கல்வெட்டுக்களில் நிலவிற்பனையைக் கூறுவன பல. அவற்றுள் விற்பனைப் பத்திரம் விலையாவணம் எனப்பட்டது. நிலத்தின் கீழ்பால், தென்பால், மேல்பால், வடபால் எல்லைகளை முறையே வகுத்துரைத்துப் பெருநான்கெல்லை என்று முடித்தனர். ஆவணம் நிறைவேறிய இடம் ஆவணக்களரி எனப்பட்டது. விலைப்பணம் முற்றும் செலுத்தப்பட்டதற்குச் சான்றாகும் சீட்டைப் பொருட்செலவோலை என்றனர். விலையாவணமே பொருட்செலவோலையும் ஆகும், வேறு ஓலை காட்ட வேண்டுவதில்லை என்றும் அவ்வாவணத்திலேயே எழுதிவைத்தனர். இற்றைக் கிரயப் பத்திரம் ஒன்றைக் கையிலெடுத்துப் பார்ப்போமாயின், விற்பவர் பெயர், வாங்குபவர் பெயர், சொத்து வந்த வழி, விலை, அதனைப் பெற்றுக்கொண்ட உறுதி, நான்கெல்லை, சாட்சிகளின் கையொப்பம் என்னும் உறுப்புக்கள் பெரும்பாலும் அவ்வாறே நிற்கக் காண்போம்.

பெரியபுராணத்தில் தடுத்தாட்கொண்ட வரலாற்றைப் பயின்றோர் திருவெண்ணெய்நல்லூர் அவையில் நிகழ்ந்த ஆவண வழக்கை மறவார். மணப்பந்தரிற் கிழிக்கப்பட்டது படியோலை. மூலவோலையோ முதியவர் கையிற் பத்திரமாக இருந்தது. அவ்வோலையின் எழுத்தைப் பாட்டனாரது வேறொரு கையெழுத்தோடு ஒப்புநோக்கிய பின்னரே அவையோர் தீர்ப்புரைத்தனர். விவிலியத்திலும் இதனையொத்த செய்தியொன்று உண்டு. எரேமியா தீர்க்கதரிசி எருசலேம் முற்றுகையிடப்பட்டிருந்த காலத்தில் ஆனதோத்திலுள்ள நிலத்தை 17 சேக்கல் வெள்ளி நிறுத்துக்கொடுத்து வாங்கினார். சாட்சிகளை வைத்துப் பத்திரம் எழுதினார். முத்திரையிட்ட பத்திரத்தையும் திறந்த பிரதியையும் நெடுங்காலம் கெடாதிருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் செய்தார். இவ்விரு வரலாற்றிலிருந்தும் நாம் அறியக்கிடப்பது ஒன்றே. நிலத்தைக் கையில் எடுத்துச் சென்று ஒளித்துவைத்தல் இயலாது. ஆதலின் நிலத்துக்குரியவன் காக்க வேண்டுவது அதன் ஆவணத்தையே. ஆவணச் செலவென்பது அக்காவலுக்குரிய செலவாகும்.

இனி இற்றைச் சட்டத்தை நோக்குவோம். 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின்படி, 100 ரூபாயும் அதற்கு மேலும் பெறுமானமுள்ள நிலம், வீடு முதலிய அசையாச் சொத்தைப் பதிவுசெய்யப்பட்ட ஆவணத்தாலன்றி விற்றல் இயலாது. அந்நாளில் 100 ரூபாய் ஒரு பெருந்தொகை. இந்நாளில் 100 ரூபாய்க்கு ஒரு சதுர அடியும் கிடைத்தல் அரிது. எனினும் சட்டத்திலுள்ள எண் மாறவில்லை. ஆதலால் நடைமுறையில் எல்லா வீட்டு விற்பனையும் பதிவுக்கு உட்பட்டதே. 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம், ஆவணம் எழுதிக் கையொப்பமிட்ட நாளிலிருந்து 4 திங்களுக்குள் அதனைச் சார்பதிவாளர்முன் கொணர வேண்டும் என விதிக்கின்றது. தவிர்க்கவொண்ணாத காரணத்தால் தாமதித்தோர் மேலும் 4 திங்களுக்குள் தண்டம் செலுத்திப் பதிவுசெய்யக் கோரலாம். பதிவு செய்யாத கிரயப் பத்திரம் வாங்கியவனுக்கு உரிமையைத் தாராது.

இவ்விடத்தில் அரசுக்குச் செலுத்தப்படுவன இரண்டு. அவை முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் ஆம். இரண்டையும் ஒன்றெனக் கருதுதல் பொருந்தாது. முன்னது ஆவணத்தின்மேல் விதிக்கப்படும் வரி. பின்னது ஆவணத்தைப் பதிந்து காத்துவைக்கும் பணிக்குப் பெறுவது. முத்திரைத் தீர்வை என்னும் வரி ஐரோப்பாவில் 1624-ல் ஒல்லாந்தரிடையே தோன்றியது. 1694-ல் பிரான்சோடு போர் நடத்தற்குப் பொருள் வேண்டிய இங்கிலாந்து அதனை மேற்கொண்டது. 1765-ல் அமெரிக்கக் குடியேற்ற நாடுகளின்மேல் அதனைச் சுமத்தியபோது, அங்குள்ளோர் வெகுண்டெழுந்தமையும் அடுத்த ஆண்டிலேயே அச்சட்டம் நீக்கப்பட்டமையும் வரலாறு பயில்வார் அறிவர். நம் நாட்டில் இன்றும் வழங்குவது 1899ஆம் ஆண்டின் இந்திய முத்திரைச் சட்டமாகும். முத்திரைத் தீர்வையை யார் செலுத்துதல் வேண்டும் என்பதற்கும் அச்சட்டம் விடை கூறுகின்றது. இருவரும் வேறு விதமாக உடன்பட்டாலன்றி, கிரயப் பத்திரத்துக்குரிய தீர்வை வாங்குபவனையே சாரும்.

தமிழ்நாட்டில் வீட்டுக் கிரயத்திற்கு நூற்றுக்கு 5 முத்திரைத் தீர்வையும், நூற்றுக்கு 2 மாற்றுத் தீர்வையும் சேர்ந்து நூற்றுக்கு 7 விதிக்கப்படுகின்றது. இவற்றுள் மாற்றுத் தீர்வை உள்ளாட்சி மன்றங்களின்பொருட்டு வாங்கப்படுவது. பதிவுக் கட்டணம் 2017 ஜூன் வரை நூற்றுக்கு 1 ஆக இருந்தது. அவ்வாண்டில் வழிகாட்டி மதிப்பைக் குறைத்தபோது இக்கட்டணம் 4 ஆக உயர்த்தப்பட்டது. 2023 ஏப்ரலில் அது 2 ஆகக் குறைக்கப்பட்டது. ஆகவே இரண்டும் கூடி நூற்றுக்கு 9 ஆயின. 2025 ஏப்ரல் முதல், 10 இலட்சம் ரூபாய்க்கு மேற்படாத சொத்தைப் பெண்கள் பெயரிற் பதிவு செய்யுங்கால் பதிவுக் கட்டணத்தில் நூற்றுக்கு 1 குறைக்கப்படும் சலுகையும் வந்தது. புதிதாகக் கட்டப்பெறும் அடுக்குமாடிக் குடியிருப்பின் முதல் விற்பனைக்கு, அதன் மதிப்புக்கேற்பத் தீர்வையைக் குறைக்கும் முறையொன்று 2023 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது.

இந்த நூற்றுக்கு 9 என்பது எதன்மேற் கணக்கிடப்படுவது? அரசு ஒவ்வொரு தெருவுக்கும் புல எண்ணுக்கும் நிலத்தின் மதிப்பை வரையறுத்து வைத்துள்ளது. இதுவே வழிகாட்டி மதிப்பு. பத்திரத்தில் எழுதப்பட்ட விலை இம்மதிப்புக்குக் குறைவாயின் இம்மதிப்பின்மேலும், மிகுதியாயின் எழுதப்பட்ட விலையின்மேலும் தீர்வை கணிக்கப்படும். நிலத்தின்மேல் உள்ள கட்டடத்துக்குத் தனியே மதிப்புக் கட்டப்படும். பதிவுத்துறையின் இணையத்தளத்திலேயே எவரும் தம் தெருவின் வழிகாட்டி மதிப்பைப் பார்த்துக்கொள்ளலாம். எழுதிய மதிப்புக் குறைவென்று சார்பதிவாளர் கருதுவாராயின், முத்திரைச் சட்டத்தின் 47-ஏ பிரிவின்படி அப்பத்திரத்தைத் தனித்துணை ஆட்சியருக்கு அனுப்புவார். அவர் இருதரப்பையும் விசாரித்து உண்மை மதிப்பைத் தீர்மானிப்பார். அதுவரை அவ்வழக்கு நிலுவையில் நிற்கும்.

எடுத்துக்காட்டொன்றால் இதனை விளக்குவோம். ஆசிரியர் ஒருவர் 40 இலட்சம் ரூபாய் விலையில் பழைய வீடொன்றை வாங்குவதாகக் கொள்வோம். முத்திரைத் தீர்வை 2,80,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 80,000 ரூபாய். ஆக 3,60,000 ரூபாய். விலையை நோக்க இது சிறுபங்கே என்று தோன்றும். ஆனால் ஆசிரியர் முழு விலையையும் கையில் வைத்திருப்பவரல்லர்; வங்கிக் கடனை நம்பியிருப்பவர். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 30 இலட்சத்துக்கு மேல் 75 இலட்சம் வரையுள்ள வீட்டுக்கடன், வீட்டின் மதிப்பில் நூற்றுக்கு 80-க்கு மேற்படலாகாது. மேலும், 10 இலட்சத்துக்கு மேற்பட்ட வீடாயின், அம்மதிப்பில் முத்திரைத் தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும் சேர்த்துக் கணித்தலாகாது. எனவே வங்கி தருவது மிகுதியாகப் போனால் 32 இலட்சம். ஆசிரியர் 8 இலட்சம் சேர்த்துவைத்துப் போதுமென்று மகிழ்ந்திருப்பார். உண்மையில் அவர் கையிலிருந்து தரவேண்டுவது 11,60,000 ரூபாய். விலையின் பதினொன்றில் ஒரு பங்கெனத் தோன்றிய செலவு, அவருடைய சேமிப்பை நோக்க ஏறக்குறையப் பாதியாகின்றது. முன்பணம் கொடுத்து உடன்படிக்கையும் எழுதிய பின்னர் இக்கணக்கைக் காணும் குடும்பங்களே மனைவியின் நகையை அடகு வைப்பதும், மிகு வட்டிக்குக் கைமாற்று வாங்குவதும். வாங்க எண்ணுவோர் விலை பேசுமுன் இக்கணக்கைத் தாளில் எழுதிப் பார்த்தல் இன்றியமையாதது.

இவ்விரு பெருஞ்செலவோடு சில சிறுசெலவுகளும் உண்டு. பத்திர எழுத்தருக்கோ வழக்கறிஞருக்கோ பத்திரம் வரைந்த கூலி, வங்கிக் கடனாயின் மூலப் பத்திரங்களை ஈடாக ஒப்படைக்கும் ஆவணத்திற்குரிய தீர்வையும் கட்டணமும், வங்கியின் சட்ட ஆலோசகருக்கும் மதிப்பீட்டாளருக்கும் தரும் தொகை, தரகு, பட்டா மாற்றம், சொத்து வரியிலும் மின் இணைப்பிலும் பெயர்மாற்றம் ஆகியன அவை. தரகுக்குச் சட்டம் வரையறுத்த விகிதமில்லை. ஊர் வழக்கும் பேச்சுமே அளவு. ஆதலின் தரகை முதலிலேயே பேசி முடித்துக்கொள்ளுதல் நன்று. கட்டி முடியாத அடுக்குமாடி வீட்டைக் கட்டுநரிடம் வாங்கினால் சரக்கு சேவை வரியும் சேரும். 2019 ஏப்ரலில் வந்த மாற்றத்தின்படி அது மலிவுவிலை வீட்டுக்கு நூற்றுக்கு 1 ஆகவும் ஏனையவற்றுக்கு 5 ஆகவும் அமைந்தது. கட்டிமுடித்து நிறைவுச் சான்று பெற்ற பின் விற்கப்படும் வீட்டுக்கு இவ்வரி இல்லை. வீட்டின் விலை 50 இலட்சமும் அதற்கு மேலும் ஆயின், வாங்குபவர் விற்பவருக்குத் தரும் பணத்தில் நூற்றுக்கு 1 பிடித்து வருமான வரியாகச் செலுத்தவேண்டும். இஃது அவருக்கு மிகைச்செலவன்று. விற்பவரின் கணக்கில் வரவு வைக்கப்படுவது. ஆயினும் பிடிக்கத் தவறினால் பொறுப்பு வாங்கியவரையே சாரும்.

இத்துணைப் பொருளையும் அரசுக்குச் செலுத்திப் பத்திரத்தைப் பதிவு செய்தாயிற்று. இனி இவ்வீடு நமதே என்று அரசு உறுதி கூறுகின்றதோ எனின், கூறுகின்றதில்லை. நம் கட்டுரையின் உயிர்நிலை இதுவே. நம் நாட்டிற் பதிவு செய்யப்படுவது ஆவணமேயன்றி உரிமையன்று. இன்னார் இன்னாருக்கு இன்ன நாளில் இவ்வாறு எழுதிக்கொடுத்தார் என்பதற்கே பதிவு சான்றாகும். எழுதிக்கொடுத்தவருக்கு எழுதிக்கொடுக்கும் உரிமை உண்டா என்பதற்கு அது முடிந்த சான்றாகாது. உரிமை இல்லாதவன் எழுதிக்கொடுத்தது எத்துணை அழகிய முத்திரைத்தாளில் இருப்பினும், வாங்கியவனுக்கு உரிமை வாராது. தன்பால் இல்லாததை ஒருவன் பிறனுக்கு ஈதல் எங்ஙனம்? பட்டாவும் வருவாய்த்துறையின் ஏடேயாதலின், அதுமட்டும் உரிமைக்கு முடிந்த சான்றாகாது. வேறு நாடுகள் சிலவற்றில் முறை வேறு. 1858-ல் தென் ஆஸ்திரேலியாவில் இராபர்ட் டாரன்ஸ் என்பார் முயற்சியால் வந்த சட்டம், அரசின் ஏட்டிற் பெயர் ஏறியவனே உரிமையாளன் என்று அரசே உறுதி கூறும் முறையைத் தோற்றுவித்தது. இங்கிலாந்திலும் நிலப்பதிவகத்தில் ஏறிய உரிமைக்கு அரசின் உறுதி உண்டு. நம் நாட்டில் அவ்வுறுதி இன்மையால், உரிமையை ஆராயும் சுமை வாங்குபவன் தலைமேல் விழுகின்றது.

அச்சுமையை அவனுக்காகத் தாங்குபவர் வழக்கறிஞர். விற்பவருக்கு இச்சொத்து யாரிடமிருந்து வந்தது, அவருக்கு யாரிடமிருந்து வந்தது என்று பின்னோக்கிச் சென்று, குறைந்தது 30 ஆண்டுத் தாய்ப்பத்திரங்களை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்து, இடையிற் கண்ணி அறுந்துளதோ என ஆராய்ந்து எழுதித் தருவதே சட்டக் கருத்து எனப்படும். பங்காளி ஒருவர் கையொப்பம் இடாமல் விடுபட்டிருக்கலாம். வாரிசுகளில் மகளொருத்தி விலக்கப்பட்டிருக்கலாம். 18 வயது நிரம்பாதவரின் பங்கு நீதிமன்ற அனுமதியின்றி விற்கப்பட்டிருக்கலாம். பத்திரத்தின் நான்கெல்லையும் நிலத்தின் நான்கெல்லையும் வேறுபடலாம். இவற்றை ஆராய்தற்கு அவர் பெறும் ஊதியம், மேற்கூறிய 3,60,000 ரூபாயோடு ஒப்பிட மிகச் சிறியது. ஆயினும் நம்மவர் சுருக்க எண்ணுவது பெரும்பாலும் இச்சிறு தொகையையே. மாற்றவொண்ணாத பெருஞ்செலவைச் செய்துவிட்டு, நம்மைக் காக்கும் சிறுசெலவைத் தவிர்த்தல், கோட்டை கட்டிக் கதவு வையாமல் விடுவதை ஒக்கும்.

வில்லங்கச் சான்று இருக்கும்போது வழக்கறிஞர் எற்றுக்கு என வினவுவாருமுளர். வில்லங்கச் சான்று பதிவகத்தின் புத்தகங்களிற் பதிந்த நடவடிக்கைகளை மட்டுமே காட்டும். உயில் பதிவு செய்யப்பட வேண்டுவதில்லை. ஆதலின் பதிவு செய்யாத உயில் அதிற் காணப்படாது. வாய்மொழிப் பாகப்பிரிவினையும் காணப்படாது. நீதிமன்றத்தில் நிலுவையிலுள்ள வழக்கும் பொதுவாகக் காணப்படாது. யாவற்றினும் நுட்பமானது ஈடுவைப்பு. குறிப்பிட்ட நகரங்களில், கடன் கொடுப்பவரிடம் மூலப் பத்திரங்களைக் கொடுத்துவைப்பதொன்றாலேயே அடமானம் உண்டாகும் என 1882ஆம் ஆண்டின் சட்டம் கூறுகின்றது. எழுத்தும் பதிவும் இன்றியே அவ்வடமானம் நிலைபெறக்கூடும். ஆதலின் விற்பவர் படிகளை மட்டும் காட்டி, மூலம் தொலைந்தது, பெட்டகத்தில் உள்ளது, தமையனாரிடம் உள்ளது என்று கூறுவாராயின், வாங்குபவர் அங்கேயே நின்றுவிடல் வேண்டும். படியோலை எளிதிற் கிழியும். வழக்கைத் தீர்ப்பது மூலவோலையே என்பதைத் திருவெண்ணெய்நல்லூர் வரலாறு முன்னரே உணர்த்திற்றன்றோ?

இனி விற்பவரின் செலவுகளை நோக்குவோம். முத்திரைச் செலவு இல்லையெனினும் அவருக்கும் கடமைகள் உண்டு. சொத்தின் உரிமையில் தமக்குத் தெரிந்த குறையை மறையாது சொல்லுதல், ஆவணங்களைக் காட்டுதல், வினாக்களுக்கு விடையளித்தல், விற்பனை நாள்வரை உள்ள வரிப்பாக்கியைத் தீர்த்தல் ஆகியன 1882ஆம் ஆண்டின் சட்டம் அவர்மேல் வைத்தவை. பழைய கடன் இருப்பின் அதனைத் தீர்த்து இரசீது ஆவணம் பதிவு செய்தலும், இறந்தார் சொத்தாயின் வாரிசுச் சான்று பெறுதலும் அவர் செலவே. மேலும், வீட்டை 24 திங்களுக்கு மேல் வைத்திருந்து விற்றால் கிடைக்கும் ஆதாயம் நெடுங்கால மூலதன ஆதாயமாகும். 2024 ஜூலை 23 முதல் அதற்கு வரி நூற்றுக்கு 12.5 என்றாயிற்று, அந்நாளுக்கு முன் வாங்கியவர், விலைவாசி உயர்வைக் கழித்து நூற்றுக்கு 20 செலுத்தும் பழைய கணக்கையும் ஒப்பிட்டுக் குறைந்ததைக் கொள்ளலாம். விற்ற இரண்டாண்டுக்குள் வேறு வீடு வாங்கினாலோ மூன்றாண்டுக்குள் கட்டினாலோ, அதற்கு இட்ட ஆதாயத்துக்கு விதிவிலக்கும் உண்டு.

இங்கே நினைவிற் கொள்ளத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. முன்பு வாங்கியபோது செலுத்திய முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் வீட்டின் அடக்கவிலையோடு சேரும்; விற்கும்போது கொடுத்த தரகும் கழிக்கப்படும். 20 இலட்சத்துக்கு வாங்கி 1,80,000 ரூபாய் ஆவணச் செலவு செய்த ஒருவர், அவ்வீட்டை 40 இலட்சத்துக்கு விற்றுத் தரகாக 40,000 ரூபாய் கொடுத்தாரெனின், ஆதாயம் 20 இலட்சமன்று, 17,80,000 ரூபாயே. 12.5 விழுக்காட்டு வரியில் 27,500 ரூபாய் குறைகின்றது. பழைய இரசீதுகளைக் காத்துவைத்தவருக்கே இப்பயன் கிட்டும்.

செலவைக் குறைப்பதாக எண்ணி நம்மவர் மேற்கொள்ளும் குறுக்குவழிகள் இரண்டு. ஒன்று, உண்மை விலையைக் குறைத்தெழுதுதல். 40 இலட்சத்துக்கு வாங்கிய வீட்டை 30 இலட்சம் என்று எழுதினால் 90,000 ரூபாய் மிஞ்சும் என்பர். இது சட்டத்துக்கு மாறானது என்பதே இதனை விலக்கப் போதிய காரணமாம். பயன் கருதிப் பார்ப்பினும் இது கேடே. நாளை அவ்வீட்டை உண்மை விலைக்கு விற்கும்போது, எழுதாமல் விட்ட 10 இலட்சமும் ஆதாயமாகத் தோன்றும்; அதற்கு வரி 1,25,000 ரூபாய். மிஞ்சியது 90,000; இழப்பது 1,25,000. அன்றியும், அசையாச் சொத்து விற்பனையில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குதல் 2015 ஜூன் முதல் தடுக்கப்பட்டது. மீறி வாங்கியவருக்கு அத்தொகைக்கு ஈடான தண்டம் விதிக்கலாம். கிரயம் இடையில் முறிந்தால், எழுத்தில் இல்லாத 10 இலட்சத்தைத் திருப்பிக் கேட்கக் கொடுத்தவரிடம் சான்று யாது? அரசு அந்நிலத்தைப் பொதுப்பணிக்கு எடுக்குங்கால், இழப்பீடு கணிக்க நோக்குவதும் பதிவான விலைகளையே. குறைத்தெழுதிய தெருவார் அனைவரும் அப்போது தம் கையெழுத்தாலேயே தம் நிலத்தின் மதிப்பைக் குறைத்தவராவர்.

மற்றொன்று, கிரயப் பத்திரமின்றிப் பொது அதிகார ஆவணமும் உடன்படிக்கையும் மட்டும் எழுதி வாங்கிக்கொண்டு குடிபுகுதல். அதிகார ஆவணம் பெற்றவன் முகவனேயன்றி உரிமையாளன் அல்லன். எழுதிக்கொடுத்தவர் இறந்தால் அவ்வதிகாரமும் பொதுவாக இறந்துபடும். அவருடைய மக்கள் வீட்டைத் தமதென்பர். 2011-ல் உச்சநீதிமன்றம் சூரஜ் லாம்ப் வழக்கில், அதிகார ஆவணம், உடன்படிக்கை, உயில் ஆகியவற்றின் வழியாக நிகழும் விற்பனை உரிமையை மாற்றாது என்றும், பதிவு செய்த கிரயப் பத்திரமே உரிமை தரும் என்றும் தெளிவாக உரைத்தது. இவ்வழியில் வாழ்நாட் சேமிப்பைக் கொடுத்து வீடு கொண்டவர், அவ்வீட்டிற் பல்லாண்டு குடியிருந்தும் உரிமையாளர் ஆகார்.

செலவைச் சுருக்க நேரிய வழிகள் இல்லையோ எனின், உண்டு. குடும்பத்தாருக்குள் சொத்தை மாற்றுங்கால் கிரயப் பத்திரம் எழுத வேண்டுவதில்லை. குடும்ப உறுப்பினர்க்கு எழுதும் செட்டில்மெண்டு, பாகப்பிரிவினை, விடுதலை ஆவணங்களுக்குத் தீர்வை குறைவு; உச்சவரம்பும் உண்டு. 2023 ஜூலையில் அவ்வரம்பு முத்திரைத் தீர்வைக்கு 40,000 ரூபாயாகவும், பதிவுக் கட்டணத்துக்கு 10,000 ரூபாயாகவும் ஆக்கப்பட்டது. வில்லங்கத்தையும் வழிகாட்டி மதிப்பையும் இணையத்தில் தாமே பார்த்துக்கொள்ளுதல், தரகை முன்பே வரையறுத்தல், வங்கியின் கட்டணங்களை ஒன்றோடொன்று ஒப்பிடுதல், சலுகை உண்டாயின் வீட்டுப் பெண்மக்கள் பெயரிற் பதிதல் ஆகியனவும் நேரிய சிக்கனமே.

இதுகாறும் கூறியவற்றால் விளங்குவன சில. ஆவணச் செலவுகளுள் பெரியது அரசுக்குச் செல்வது, அது விலையைப் பொறுத்தது, பேசிக் குறைத்தற்குரியதன்று, ஆதலின் விலை பேசுமுன்னரே அதனைக் கணக்கிற் சேர்த்தல் வேண்டும். சிறியது உரிமையை ஆராய்தற்குச் செல்வது. அதனைச் சுருக்கினோர் பின்னர் நீதிமன்றத்தில் அதனினும் பன்மடங்கு செலவிடுவர். வீட்டின் சுவரையும் கிணற்றையும் வாசற்காலையும் பலமுறை சுற்றிப் பார்ப்போர், அவ்வீட்டின் ஆவணங்களையும் ஒருமுறையேனும் முதல் ஏடு தொடங்கி இறுதி ஏடு வரை படித்தல் வேண்டும். படிக்க இயலாத பெற்றோருக்கு அதனைப் படித்துச் சொல்லுதல் கல்வி பெற்ற மக்களின் கடன். நம் கல்லூரி நண்பர்கள் அடுத்த விடுமுறையில் தத்தம் இல்லஞ்சென்று, பெட்டியிலுள்ள தாய்ப்பத்திரத்தைப் பெரியோர் இசைவோடு எடுத்து, நான்கெல்லையையும் உரிமை வந்த வழியையும் ஒருமுறை படித்துப் பார்ப்பாராயின், குறையொன்று இருப்பின் திருத்தற்குரிய காலத்திலேயே அது வெளிப்படும். எழுதிக்கொடுத்தாரும் சாட்சிகளும் உயிரோடிருக்கும்போது ஒரு பிழைதிருத்தல் ஆவணத்தால் நீங்கும் குறை, அவர் மறைந்தபின் தலைமுறை வழக்காக வளரும். ஆதலின் காலத்தாழ்ப்பின்றி அதனைச் செய்க என்பதே எம் வேண்டுகோள்.